நான் விழுங்கிய அரை விநாடி

இரும்புப் படிக்கட்டில் இருபத்திரண்டு படிகள். ஏறி முடித்தால், பத்துப் பேர் தோள் உரச நிற்கும் அளவுக்கு ஒரு மேடை. கைப்பிடிக் கம்பியை வெறும் கையால் தொட முடியாது. டெக்சஸின் மே மாத வெயில் அதில் ஏறியிருக்கும்.

கீழே முட்டை வடிவத்தில் ஒரு ஓடுதளம். பதினான்கு கார்கள். அரக்கு நிறத்தில் 36 என்று எண் போட்ட கார் எங்களுடையது. ஓட்டுவது என் மனைவி வசந்தி.

ஹெல்மெட்டும் கழுத்துப் பட்டையும் மாட்டிய ஓட்டுநரால் தலையைத் திருப்ப முடியாது. பக்கத்தில் வேறு கார் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை மேடையில் நிற்பவன்தான் ரேடியோவில் சொல்ல வேண்டும். அவனுக்கு ஸ்பாட்டர் என்று பெயர். எங்கள் அணியின் ஸ்பாட்டர் நான்.

அன்று இருபத்தோராவது சுற்று. வசந்தி ஒரு நீலக் காரை வெளிப்பக்கமாக முந்திக்கொண்டிருந்தாள். முந்தி முடித்ததும் உள்பக்கம் இறங்கிவிட வேண்டும். உள்பாதைதான் குட்டைப் பாதை. ஆனால் நீலக் கார் முழுதாகப் பின்தங்கும் முன் இறங்கினால் இரண்டு கார்களும் சுவரில் போய் நிற்கும்.

"உள்ள இருக்கான்... இருக்கான்... இருக்கான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நீலக் காரின் மூக்கு அவளுடைய பின் பம்பரைத் தாண்டிப் பின்னால் போனது. இரண்டுக்கும் நடுவே தார்ச் சாலை தெரிந்தது. சொல்ல வேண்டிய சொல் நாக்கில் இருந்தது. ரேடியோப் பொத்தான் மேல் கட்டைவிரல் இருந்தது.

நான் சொல்லவில்லை.

அரை விநாடி இருக்கும். பிறகு, "காலி" என்றேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் அந்த இடத்தில் மூக்கை நுழைத்துவிட்டது. வசந்தி வெளிப்பாதையிலேயே மாட்டிக்கொண்டாள். வரிசையாக மூன்று கார்கள் அவளைக் கடந்து போயின.

ரேடியோவில் அவள் குரல் வந்தது. "சாரிங்க. நான்தான் லேட் பண்ணிட்டேன் போலருக்கு."

"பரவாயில்ல" என்றேன்.

அந்தப் "பரவாயில்ல"வைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

பங்குச் சந்தை இல்லை

எங்கள் ஸ்டாக் கார் அணி என்று ஒரு முறை இந்தப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர், "பங்குச் சந்தையில் கார் ஓடுமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். ஓடாது. பழைய சாதாரண காரை எடுத்து, பின்னிருக்கை, ஜன்னல் கண்ணாடி, ஏசி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்டி, இடப்பக்கமாகவே திருப்பித் திருப்பி ஓட்டுவார்கள். அவ்வளவுதான். இங்கே சிற்றூர்களில் சனிக்கிழமை பிற்பகல்களில் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். எரிந்த ரப்பரும் பொரித்த வெங்காயமும் கலந்து ஒரு வாசனை வரும். திங்கட்கிழமை வரை அது சட்டையில் இருக்கும்.

நாங்கள் இருப்பது ஆலனில். டாலஸுக்கு வடக்கே அரை மணி நேரம். எனக்கு ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. தராசு சரியாகக் காட்டுகிறதா, வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகன் கல்லூரிக்குப் போன ஆண்டு, உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் என்னைப் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். மூன்றே மாதத்தில் எங்கள் கராஜில் ஒரு பழைய பந்தயக் கார் நின்றது.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு ஓட்ட ஆசையாக இருந்தது. எனக்கு. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான், வசந்தி, இரண்டு வீடு தள்ளி இருக்கும் பிரபு. இதுதான் அணி. பிரபு மதுரைக்காரர். பகலில் வங்கிக்கு மென்பொருள் எழுதுவார். அவர் அப்பா லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர், அதனால் ஸ்பானரைக் கையில் எடுத்தால்தான் பிரபுவுக்கு மனம் ஒரு நிலைக்கு வரும்.

முதல் சீசன் முழுவதும் நான்தான் ஓட்டினேன். ஒரு முறைகூட மோதவில்லை. ஒரு முறைகூடப் பதினோராம் இடத்துக்கு மேல் வரவில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பெயின்ட் தீற்றல் இருக்கும். அங்கே வந்ததும் பிரேக் போடுவேன். ஒவ்வொரு சுற்றும் அதே இடம்.

"அண்ணே, நீங்க பிரேக் போடுற எடத்துல ஒரு கோயிலே கட்டலாம்ணே" என்றார் பிரபு. "அம்புட்டு கரெக்டா அதே எடம். என்ன, மத்தவய்ங்கள்லாம் இன்னும் நாப்பது அடி தள்ளிப் போடுறாய்ங்க."

வலி இல்லை

இரண்டாவது சீசன் தொடங்கும் முன் டயர் தூக்கும்போது என் மணிக்கட்டு பிசகிவிட்டது. பயிற்சி நாள் ஒன்று வீணாகப் போகிறதே என்று பிரபு, "அண்ணி, சும்மா ரெண்டு ரவுண்டு ஓட்டி எஞ்சினைச் சூடு பண்ணி விடுங்க" என்றார்.

வசந்தி வீட்டிலேயே டேகேர் நடத்துகிறாள். மூன்று வயதுக்குள் ஆறு குழந்தைகள். அவள் ஓட்டுவது ஒரு மினிவேன்.

"ஏசி இல்லாத வண்டிய யாராவது ஓட்டுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே, கதவு திறக்காத அந்தக் காரின் ஜன்னல் வழியாகக் காலை விட்டு உள்ளே இறங்கினாள்.

ஆறு சுற்று ஓட்டினாள். ஐந்தாவது சுற்றில் என் சிறந்த நேரத்தைவிட விநாடியில் பத்தில் நான்கு பங்கு குறைவு. ஸ்டாப்வாட்ச் பழுது என்று நினைத்தேன். பிரபுவின் கைபேசியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். பழுது இல்லை.

"எப்படி?" என்று கேட்டேன்.

"என்னத்தங்க எப்படி? திருப்பத்துல பின்பக்கம் கொஞ்சம் வழுக்குது. வழுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"வழுக்கட்டும்னா?"

"குழந்தை ஓடறப்ப கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தா விழுந்துடும். கூடவே ஓடி மெதுவா திருப்பணும். அந்த மாதிரிதான்."

மூன்று வாரத்தில் என் கை சரியாகிவிட்டது. அதற்குள் அவள் இரண்டு பந்தயம் ஓட்டி, எட்டாவதாகவும் ஆறாவதாகவும் வந்திருந்தாள். "கை எப்படிண்ணே இருக்கு?" என்று பிரபு கேட்டார். கேட்கும்போது அவர் என் கையைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வலி இருக்கு. வசந்தியே ஓட்டட்டும்" என்றேன்.

அன்றைய நாட்குறிப்பில் இரண்டே சொற்கள் எழுதியிருக்கிறேன். வலி இல்லை.

போ போ போ

இங்கே ஓர் அணி பேசுவதை மற்ற அணிகள் ஸ்கேனர் என்ற கருவியில் கேட்கலாம். பார்வையாளர்களும் கேட்பார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். அதனால் நாங்கள் தமிழில் பேசுவது என்று முடிவு செய்தோம். என் வழக்கப்படி ஒரு சொற்பட்டியல் தயாரித்தேன். இடப்புறம், வலப்புறம், முன்னேறுக. முதல் பயிற்சியில், "இடப்புறம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த திருப்பத்துக்குப் போய்விட்டாள். பட்டியலைக் கிழித்துப் போட்டோம். கடைசியில் நின்றவை நான்கே. உள்ள. வெளிய. காலி. பச்சைக் கொடி விழும்போது, போ.

வசந்தியால் மட்டும் 'ங்க'வை விட முடியவில்லை. மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில், "என்னங்க, அவரு இன்னும் உள்ள இருக்காராங்க?" என்பாள். அவரு என்பது, போன சுற்றில் இவள் கதவை இடித்து நசுக்கிய ஆள்.

ஆறாவது நான்காவதாயிற்று. நான்காவது இரண்டாவதாயிற்று. ஒரு சனிக்கிழமை முதலிடம். கூரை போட்ட பெரிய டிரெய்லர்களில் வரும் அணிகள், வாடகை டிரெய்லரில் வரும் எங்களிடம் வந்து டயருக்கு எவ்வளவு காற்று என்று கேட்டன. அந்த எண்களெல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தவை. ஆனால் கேட்டது வசந்தியிடம்.

பார்வையாளர்களில் ஒரு கூட்டம் ஸ்கேனரில் என் குரலைக் கேட்டுக் கேட்டு, பச்சைக் கொடி விழுந்ததும் எழுந்து நின்று "போ போ போ!" என்று கத்தத் தொடங்கியது. தொப்பி போட்ட கிழவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள், எல்லோரும். அடுத்த மாதம் அதை ஆங்கில எழுத்தில் அச்சடித்த பனியன் வந்தது. மேலே 36. கீழே வசந்தியின் பெயர்.

'போ' என் சொல். என் தொண்டையிலிருந்து போனது. அந்தப் பனியன் ஒன்று எங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. நான் போட்டதில்லை.

மகன் கல்லூரியிலிருந்து தொலைபேசியில் பேசினான். "டாட், அம்மா இஸ் எ லெஜண்ட்!" என்றான். ஆமாம் என்றேன்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் அவளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கீழே நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொகுப்பாளர் என்னைப் பார்த்துவிட்டு, "இதோ, அவங்க வீட்டுக்காரர்! கூடமாட ஒத்தாசையா இருக்காரு, அவருக்கும் ஒரு கைதட்டல்!" என்றார். கைதட்டினார்கள். கைப்பையில் டிபன் பாக்ஸ் ஒன்று இருந்தது. அதன் மூலை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. இன்றும் அந்த இடத்தை என்னால் தொட்டுக் காட்ட முடியும்.

பிரபு ஒருமுறை அவளிடம், "பயமே இல்லையா அண்ணி? சுத்திப் பதிமூணு காரு" என்று கேட்டார்.

"அதுங்க சத்தம் போடுதுல்ல? அப்ப பயமில்ல பிரபு. டேகேர்லயும் அதான். வாண்டுங்க கத்திட்டு இருக்கற வரைக்கும் நிம்மதியா சமைக்கலாம். சத்தம் நின்னுச்சுன்னாதான் எழுந்து போய்ப் பாக்கணும்."

மூன்று வாரம், ஐந்து முறை

இருபத்தோராவது சுற்றுக்கு வருகிறேன்.

அது தற்செயல் என்றே முதலில் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் இரண்டு முறை நடந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி இரண்டு முறை. வழி காலியானது தெரியும். சொல்லவும் தெரியும். கட்டைவிரல் அசையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முன்ஜாக்கிரதையாகத்தான் தெரியும். ஸ்பாட்டர் சீக்கிரம் சொன்னால் விபத்து. தாமதித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அத்தனை பேர் நடுவே நின்றுகொண்டு செய்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான துரோகம் கிடையாது.

அணியின் குறிப்பேட்டில் 'நெரிசல்' என்று எழுதினேன். என் சொந்த நாட்குறிப்பில் பொய் எழுதிப் பழக்கமில்லை. அதில் தேதி, சுற்று எண், எவ்வளவு நேரம் தாமதித்தேன் என்பதை எழுதினேன். ஐந்து வரிகள். ஏன் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

சீசன் புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்த நாங்கள் மூன்றாவதுக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு புள்ளிப் பந்தயம் பாக்கி. அதில் ஜெயித்தால் பட்டம். நடுவில் ஒரு சனிக்கிழமை, புள்ளிக் கணக்கில் சேராத சிறு பந்தயம்.

அதற்கு முந்தைய ஞாயிறு, காலைக் காபிக்குப் பிறகு, வசந்தி கராஜுக்கு வந்தாள். நான் டயர்களில் சுண்ணக்கட்டியால் எண் எழுதிக்கொண்டிருந்தேன். காரின் கூரையில் பொருத்திய கேமரா பின்பக்கத்தையும் ரேடியோவையும் பதிவு செய்யும். அந்தப் பதிவைக் கைபேசியில் எனக்குக் காட்டினாள்.

"இங்க பாருங்க. அவரு பின்னாடி போயாச்சு. உங்க குரல் எங்க?"

"கவனமா இருந்தேன் வசு."

"நீங்க கவனமா இருந்தா எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமாப் பாக்கறேன். கவனமா இருந்தா நீங்க நிறையப் பேசுவீங்க." கைபேசியை அணைத்தாள். "இது சத்தம் நின்னது."

சுண்ணக்கட்டி என் கையிலேயே இருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து அணியின் ஸ்பாட்டர் ராண்டி, வேண்டுமானால் கடைசிப் பந்தயத்துக்கு எங்களுக்காக மேடையில் நிற்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாராம். அதையும் சொன்னாள். ஓட்டும் இடம் எப்போதோ போயாயிற்று. எனக்கென்று இந்த அணியில் மிச்சமிருந்தது இருபத்திரண்டு படிகளும் அந்த மேடையும்தான்.

"அவர்ட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "வர்ற சனிக்கிழமை நீங்க ஓட்டுங்க. நான் மேல நிக்கறேன்."

உள்ளே இருந்து

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். ஆசைப்பட்டு வாங்கிய இருக்கை. இப்போது அது அவள் உடம்புக்கு ஏற்றபடி மாற்றப்பட்டிருந்தது, தோள் இடித்தது.

ஒன்பதாவது சுற்றில் ஒரு சாம்பல் நிறக் காரை வெளிப்பக்கமாக முந்தினேன். எனக்கு அது பெரிய காரியம்.

காதில் வசந்தி. "உள்ள இருக்காருங்க... இருக்காரு... இருக்காரு... காலி."

நான் இறங்கவில்லை.

கண்ணுக்கு எதுவும் தெரியாது. முன்கண்ணாடி, சூடு, சத்தம். அவள் குரல் ஒன்றுதான் சாட்சி. அது உண்மையா? நான் செய்ததற்கு அவள் பதிலுக்கு ஏதாவது செய்தால்? செய்ய மாட்டாள் என்று தெரியும். ஆனால் காலில் அது தெரியவில்லை, கையில் தெரியவில்லை.

"காலிங்க" என்றாள் மறுபடி. அதே குரல். அதற்குள் உள்ளே வேறு ஒரு கார் வந்துவிட்டது. "இப்ப இருக்காரு."

அன்று நான்கு முறை காலி என்றாள். நான்கு முறையும் நான் இறங்கவில்லை. பன்னிரண்டாவதாக வந்தேன்.

படியிறங்கி வந்தவள், ஜன்னல் வலையை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நான் சொன்னது சரியாத்தானேங்க இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்தது."

"அப்புறம் ஏன் இறங்கல?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"நீங்க ஒரு நாள்" என்றாள் வசந்தி. "முதல் தடவை என் தப்புன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு வாரம் இப்படித்தான் ஓட்டினேன்."

தொழிலில் நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. எப்போதும் அரை விநாடி தாமதிக்கும் கருவியால் கெடுதல் இல்லை. அரை விநாடியைக் கழித்துக்கொள்ளலாம். சில சமயம் மட்டும் தாமதிக்கும் கருவியைத்தான் தூக்கிப் போட வேண்டும்.

ஆறு

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன். இத்தனை ஆண்டுகளில் அவள் அதைத் திறந்ததில்லை, நான் கொடுத்ததும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, டேகேர் குழந்தைகளின் கிரேயான் டப்பாவை நகர்த்திவிட்டு, ஐந்து வரிகளையும் படித்தாள். காலியாக இருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"இங்க என்ன எழுதணும்?"

"பொறாமை" என்றேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

தலையாட்டினாள். பிறகு, "அஞ்சு இல்லங்க, ஆறு" என்றாள்.

"அஞ்சுதான். நான் எண்ணியிருக்கேன்."

"மூணாவது வாரம், பதினெட்டாவது சுத்து."

கணினியில் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எனக்கு அந்தச் சுற்று நன்றாக நினைவிருந்தது. அன்று நான் உண்மையாகவே எச்சரிக்கையாக இருந்தேன் என்று நம்பியிருந்தேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன். பதிவில் வழி அப்பட்டமாகக் காலியாக இருந்தது. என் குரல் இல்லை.

முதல் ஐந்தைவிட அந்த ஆறாவதுதான் என்னை உலுக்கியது. தெரிந்து செய்ததை நிறுத்தலாம். இது எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது.

"ராண்டியைக் கூப்பிட்டுக்கோ வசு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"அவருக்குக் 'காலி' தெரியாதே."

"ஒரு வார்த்தைதானே? சொல்லிக் கொடுத்தா போச்சு."

"சொல்லிக் கொடுக்கலாம்." நாட்குறிப்பை மூடி என் பக்கம் தள்ளினாள். "அந்த ஆறாவதையும் சேத்து எழுதிடுங்க. எழுதிட்டு, சனிக்கிழமை மேல ஏறுங்க. ஒண்ணே ஒண்ணு. தெரியலன்னா 'தெரியல'ன்னு சொல்லுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று

அந்தப் பந்தயம் முழுக்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். மேடையில் பக்கத்தில் நின்ற ராண்டி, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல் பார்த்தார். கீழே பிரபு ரேடியோவில் குறுக்கிட்டு, "அண்ணே, மூச்சு விட்டுக்கிட்டுப் பேசுங்க" என்றார்.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று. முதலிடத்தில் நீலக் கார். வசந்தி வெளிப்பக்கம். இரண்டும் கதவுக்குக் கதவு திருப்பத்துக்குள் போயின.

"உள்ள இருக்கான்... இருக்கான்... பாதி இருக்கான்... கொஞ்சம் இருக்கான்..."

நடுவே தார்ச் சாலை தெரிந்தது. என் கட்டைவிரலை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தியே இருந்தது.

"கா" என்றேன். 'லி' வாயிலிருந்து வருவதற்குள் அரக்குக் கார் உள்ளே இறங்கிவிட்டது. முதல் எழுத்துக்கே இறங்கினாள். யோசித்திருந்தால் அந்த வேகத்தில் இறங்கியிருக்க முடியாது. சந்தேகப்பட்டு உள்ளே உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரியும்.

ஜெயித்தாள். கூட்டம் "போ போ போ" என்று கத்தியது. நான் இருபத்திரண்டு படிகளையும் மெதுவாக இறங்கினேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் புகைப்படத்துக்குப் போனாள். ஹெல்மெட் உள்ளே அவள் வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றேன். அவள் ஓட்டுவதைப் பார்த்து ஒன்றரை ஆண்டு வயிறெரிந்தவன், அன்று வேறொன்றுக்காக எரிந்தேன். அத்தனைக்குப் பிறகும் என் சொல்லில் பாதி போதும் என்று ஒருத்தியால் இறங்க முடிகிறது. என்னால் நான்கு முறை முடியவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் எழுதியது இது. தாமதம், இல்லை. பொறாமை, இருக்கிறது.